தவக்கால வெள்ளிக்கிழமை படக் காட்சி: எங்க டவுன் சர்ச் ஹால்ல பார்த்ததும் பட்டதும்

மலேசியாவுல சுங்கை சிப்புட் வட்டாரத்துல எங்க டவுன் ரொம்ப சின்னது, ஒரு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் மிச்சம் இருக்கற கித்தா (ரப்பர்) தோட்டம், நடுவுல ரெண்டு வரிசை கடை, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு சர்ச், படம் பாக்கணும்னா ஈப்போவுக்குத் தான் ஓடணும். அதனால இந்தத் தவக்காலத்துல (ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நோன்புக் காலம்) வெள்ளிக்கிழமை ராத்திரி சிலுவைப் பாதை, அதாவது இயேசு பட்ட துன்பத்த 14 கட்டமா நினைச்சு ஜெபிக்கறது, முடிஞ்சதும் சர்ச் ஹால்ல படம் போடுறோம், எல்லாமே ஆண்டவரோட பாடுகள், விசுவாசத்துக்காக உயிர் விட்ட வேதசாட்சிகள் பத்தின படம்னு பூசை முடிவுல அறிவிச்சப்பவே ஹால் நிறைஞ்சுடும்னு தெரியும், அப்படித் தான் ஆச்சு. இப்ப எல்லாம் முடிஞ்சுது. அடுத்த வருஷம் போடப் போறவங்களுக்கும், பக்கத்துத் தோட்டங்கள்ல இதே மாதிரி ஏற்பாடு பண்ண நினைக்கறவங்களுக்கும் உதவட்டும்னு விவரமா எழுதுறேன்.

ஏற்பாட்ட மொதல்ல சொல்லிடுறேன். டிக்கெட் கிடையாது, வாசல்ல காணிக்கைப் பெட்டி, முடிஞ்சவங்க ரெண்டு வெள்ளி அஞ்சு வெள்ளி (ரிங்கிட்) போட்டாங்க. வெள்ளிக்கிழமை கவுச்சி இல்லைங்கறதால கஞ்சியும் தேங்காய்த் துவையலும், ரொம்ப நல்லா இருந்துச்சு, சமைச்ச அக்காமாருக்கு கோடி நன்றி. படம் பளிச்சுன்னு விழுந்துச்சு. சவுண்டு தான் குறை. தகரக் கூரை, மழை பிடிச்சா ஒரு வார்த்தை காதுல விழாது, எரவல் வாங்குன ஸ்பீக்கர் பின் வரிசைக்கு எட்டவே இல்ல. அதுக்கெல்லாம் சேர்த்து ஈடு கட்டுனது ஒரு ஏற்பாடு: சப்டைட்டில் இங்கிலீஷ்லயோ மலாய்லயோ தான ஓடும், தோட்டத்துல பால்மரம் வெட்டி ரிட்டயர் ஆன பாட்டிங்களுக்கு அது எப்படிப் புரியும், அதனால இளைஞர் குழுவுல ஒரு தம்பி ஓரமா உக்காந்து மைக்ல ஒவ்வொரு வசனத்தையும் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தாரு. கத்தாம, நடிக்காம, பைபிள் வாசகம் வாசிக்கற மாதிரி நிதானமா. அந்தத் தம்பி இல்லன்னா பாதி ஹால் எழுந்து போயிருக்கும்.

மொதல்ல போட்டது கருணாமயுடு தமிழ் டப்பிங். 1978-ல வந்த தெலுங்குப் படம், டைரக்ட் பண்ணது நம்ம பாசமலர் பீம்சிங், விஜயசந்தர் இயேசுவா நடிச்சிருப்பாரு. இதுக்கு மைக் தம்பிக்கு வேலையே இல்ல. பாட்டு, கண்ணீர், புதுமைகள், கடைசில சிலுவை, எல்லாம் நம்ம படம் எப்படி இருக்குமோ அப்படி. பெரியவங்க ரொம்ப சந்தோஷமா பார்த்தாங்க, பழைய காலத்துல தோட்டத்துத் திடல்ல வெள்ளைத் துணி கட்டி படம் காட்டுன கதையெல்லாம் பேசிக்கிட்டாங்க. குடும்பத்தோட பாக்க இத விட நல்ல ஆரம்பம் இல்ல.

அடுத்தது தான் எல்லாரும் காத்திருந்தது, மெல் கிப்சன் எடுத்த பேஷன் ஆஃப் த கிறைஸ்ட். நம்ம ஊர்ல இந்தப் படத்துக்கே ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல 2004 பிப்ரவரி 25, சாம்பல் புதன் அன்னிக்கு ரிலீஸ் ஆச்சு, மலேசியாவுல மத்த படம் மாதிரி எல்லாரும் டிக்கெட் எடுத்துப் பாக்க முடியல, கிறிஸ்தவங்க மட்டும் பாக்கலாம்னு சொல்லி சர்ச்சுங்க வழியா தான் டிக்கெட் குடுத்தாங்க. தோட்டத்துல இருந்தவங்க எத்தன பேரு அப்ப டவுனுக்குப் போய் பார்த்திருக்க முடியும்? அதனால இந்த ஹால்ல பல பேருக்கு இதுதான் மொத தடவ.

நான் நேரடியா சொல்லிடுறேன், இந்தப் படம் எனக்கு ரெண்டு படமா தெரிஞ்சுது. ஒண்ணு அடி. இன்னொண்ணு அம்மா.

அடியப் பத்தி மொதல்ல. ரோமை ஆளுநர் பிலாத்து இயேசுவ கசையால அடிக்க வச்சான்னு யோவான் 19-ல ஒரே ஒரு வசனம் தான், மாற்கும் அதே மாதிரி பாதி வரியில கடந்து போயிடுறாரு. கிப்சன் அத 10 நிமிஷம் கிட்ட இழுக்குறாரு. மொதல்ல பிரம்பு, அது முடிஞ்சு அவரு கீழ விழுந்து, அம்மாவப் பார்த்து, கல்தூணப் பிடிச்சு திரும்ப எழுந்து நிக்கறாரு, உடனே சிப்பாய்ங்களுக்கு ஆத்திரம், இரும்பு முள்ளு வச்ச சாட்டைய எடுக்குறாங்க, அதுக்கப்புறம் சதை பிய்யறது வரைக்கும் கேமரா விலகவே இல்ல. வசனமே இல்லாததால மைக் தம்பியும் அமைதியாயிட்டாரு, ஹால்ல சாட்டை சத்தம் மட்டும் தான். முன் வரிசையில ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க உக்காந்திருந்துச்சுங்க. ஒரு பாப்பா அம்மா மடியில முகத்தப் புதைச்சு அழ ஆரம்பிச்சுது, அந்த அம்மா எழுந்து வெளிய போனாங்க, அவங்க பின்னாடி இன்னும் ரெண்டு மூணு பேரு. இது நடந்திருக்கவே கூடாது. அமெரிக்காவுலயே இதுக்கு ஆர் ரேட்டிங், 17 வயசுக்குக் கீழ இருந்தா பெரியவங்க கூட வரணும். சாமி படம் தானன்னு பிள்ளைங்கள முன்னாடி உக்கார வைக்கறது சரியே இல்ல. கிப்சனே 2005-ல 5 நிமிஷம் கிட்ட வெட்டி, கொடூரம் கொறைச்ச ஒரு பதிப்பு வெளியிட்டாரு, பொது இடத்துல போடணும்னா அத தேடி வாங்கிப் போடலாம்.

பக்கத்துச் சிலுவையில இயேசுவக் கேலி பண்ண கள்ளனோட கண்ண காக்கா வந்து கொத்துற காட்சி இருக்கு பாருங்க, அது எதுக்குன்னே எனக்கு விளங்கல. சுவிசேஷத்துல இல்ல. சிலுவையில தொங்கிக்கிட்டே தன்ன அடிக்கறவங்கள மன்னிக்கச் சொல்லி ஜெபிக்கறவரப் பத்தின படத்துல, பக்கத்துல தொங்குறவனுக்கு உடனே தண்டனை குடுத்துக் காட்டுறது அந்த ஜெபத்தையே அழிக்கற மாதிரி இருக்கு.

இப்ப அம்மா. இயேசு சிலுவையத் தூக்கிட்டு வர்ற வழியில மூணு தடவ விழுறது சுவிசேஷத்துல கிடையாது, சிலுவைப் பாதையில இருக்கு. சின்ன வயசுல இருந்து 14 ஸ்தலமும் முழங்கால் போட்டு எழுந்தவங்களுக்கு அடுத்து என்ன வரும்னு தெரியும். நாலாம் ஸ்தலம், அம்மா மகனச் சந்திக்கறது. மரியா சந்துல ஒதுங்கி நிக்கறாங்க, பாக்கத் தைரியம் வரல, அப்ப மகன் சிலுவையோட கீழ விழுறாரு, அந்த நொடியில படம் பின்னாடி போயி சின்னப் பையன் ஒருத்தன் ஓடி வந்து விழுறான், இளவயசு மரியா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுறாங்க, திரும்ப இப்ப இந்தத் தெருவுல, வயசான மரியா அதே மாதிரி ஓடுறாங்க. மாயா மோர்கன்ஸ்டர்ன் அந்த ஓட்டத்த ஓடுறது நடிப்பு மாதிரியே தெரியல. சாட்டையடி முழுக்க கல்லு மாதிரி உக்காந்திருந்த எனக்குப் பக்கத்துப் பாட்டி, உள்ளங்கையெல்லாம் பால்கத்தி பிடிச்சுக் காய்ச்சுப் போன கை, அந்தக் கையால என் தொடையில ஓங்கி ஒரு அடி அடிச்சு, "ஐயோ, பெத்தவ ஓடுறாளே"ன்னாங்க. ஹால் முழுக்க விம்மல் அப்பத் தான் கிளம்புச்சு. அடிக்கு இல்ல.

அதுக்கு முன்னாடி இன்னொரு காட்சி. பிலாத்து மனைவி வெள்ளைத் துணி கொண்டு வந்து குடுக்க, அடிச்சு முடிச்ச முற்றத்துல மரியாவும் மதலேனாவும் முழங்கால்ல இருந்துக்கிட்டு தரையில கிடக்கற ரத்தத்த ஒத்தி ஒத்தி எடுக்கறாங்க. யாரும் பேசல. வீட்டுல சாவு விழுந்தா துவைக்கறதும் கழுவுறதும் பொம்பளைங்க தான், அது எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும், யாரும் விளக்கத் தேவையில்ல. கிப்சன் எடுத்ததுலயே இதுதான் பெரிய காட்சின்னு நான் சொல்வேன், அதுல ஒரு அடி கூட விழல.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்தப் படத்துல கூட்டத்தையும் தலைமைக் குருக்களையும் காட்டுற விதம் யூதங்க மேல வெறுப்ப வளக்கும்னு ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடியே பெரிய எதிர்ப்பு வந்துச்சு. மத்தேயு 27-ல கூட்டம் "இவரோட ரத்தப்பழி எங்க மேலயும் எங்க பிள்ளைங்க மேலயும் வரட்டும்"னு சொல்ற வசனத்த, படத்துல பேசற அரமேயிக் மொழியில பேச விட்டுட்டு சப்டைட்டில மட்டும் எடுத்துட்டாங்க. ஐரோப்பாவுல இயேசுவோட பாடுகள நடிச்சுக் காட்டுற நாடகம் பார்த்துட்டு வெளிய வந்த கூட்டம் யூதங்க வீட்டத் தாக்குன வரலாறு இருக்கு. 1965-லயே கத்தோலிக்க ஆயர்கள் கூடுன ரெண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவா சொல்லிடுச்சு, பாடுகளின்போது நடந்ததுக்கு அன்னிக்கு இருந்த எல்லா யூதங்களையும், இன்னிக்கு இருக்கறவங்களையும் குத்தம் சொல்லக் கூடாதுன்னு. இயேசு யூதர், மரியா யூதர், மரியாவா நடிச்ச அந்த அம்மாவும் யூதர். படத்துக்கு முன்னாடி ஒருத்தர் எழுந்து இத ரெண்டு நிமிஷம் சொல்லியிருக்கணும். சொல்லல. படம் முடிஞ்சு கஞ்சி குடிக்கறப்ப ரெண்டு மூணு இளந்தாரிப் பசங்க பேசுன பேச்சக் கேட்டு எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு, அவங்களக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேச வேண்டியதாயிடுச்சு.

மூணாவது, மார்ட்டின் ஸ்கோர்செஸியோட சைலன்ஸ், 2016. ஷுசாக்கு எண்டோ 1966-ல எழுதுன ஜப்பானிய நாவல். 17-ஆம் நூற்றாண்டு ஜப்பான், கிறிஸ்தவம் தடை, ரெண்டு சேசு சபைக் குருக்கள் காணாமப் போன தங்களோட ஆசிரியரத் தேடி வர்றாங்க. விசுவாசிங்க எல்லாம் ஏழைக் கிராமத்துக்காரங்க, ராத்திரியில குடிசைக்குள்ள ஒளிஞ்சு பூசை கேக்கறாங்க. அவங்கள்ல சில பேரக் கடலோரத்துல சிலுவையில கட்டி வச்சுடுறாங்க, அலை ஏறி ஏறி முகத்துல அடிக்குது, மொக்கிச்சிங்கற ஒருத்தர் நாலு நாள் உயிரோட இருந்து பாட்டுப் பாடிக்கிட்டே சாகறாரு. தேடி வந்த குருக்கள் தூரத்துல மறைஞ்சு நின்னு பாக்கறாங்க, பாக்கறதத் தவிர ஒண்ணும் பண்ண முடியல. பின்னணி இசைன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் கிடையாது, பூச்சி சத்தம், தண்ணி சத்தம். அன்னிக்கு வெளியயும் மழை, படத்துல எது நம்ம கூரையில எதுன்னு பிரிக்கவே முடியல.

ஆனா எங்க ஹால்ல சண்டையே வந்தது இந்தப் படத்துக்குத் தான். தேடி வந்த ரெண்டு பேர்ல ஒரு குருவப் பிடிச்சு ஒரு அறையில அடைச்சு வச்சிருக்கறப்ப ராத்திரி குறட்டை சத்தம் கேக்குது, காவக்காரன் தூங்குறான்னு நினைச்சு எரிச்சல் படுறாரு. அது குறட்டை இல்ல, குழியில தலைகீழாத் தொங்க விட்ட கிறிஸ்தவங்களோட முனகல். காதுக்குப் பின்னால கீறி விட்டிருக்காங்க, ரத்தம் சொட்டுச் சொட்டா இறங்கும், சீக்கிரம் சாவு வராது. அவங்க ஏற்கெனவே கிறிஸ்துவ மறுதலிச்சாச்சு, ஆனா இவரு இயேசு படத்த மிதிச்சா தான் அவங்கள இறக்குவாங்க. இவரு மிதிக்கறாரா இல்லையாங்கறது தான் கதை, அத நான் சொல்லல. "மிதிச்சா அவரு என்ன சாட்சி?"ன்னு ஒரு அண்ணன் கோபமா கேட்டாரு. எனக்குப் பக்கத்துல இருந்த அதே பாட்டி, "அவரு உயிர் தான அவருது, அடுத்தவன் உயிர வச்சு அவரு எப்படிப்பா பலி குடுக்கறது?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. நான் இத்தன வருஷம் கேட்ட பிரசங்கத்துல பலிங்கறதப் பத்தி இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல.

இங்க தான் எனக்கு மனசுல இருக்கறத சொல்லணும். நம்ம தோட்டத்து ஜனம் கஷ்டத்தப் படத்துல பார்த்துத் தெரிஞ்சுக்க வேண்டிய ஜனம் இல்ல. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு வரிசை) நின்னவங்க, அட்டை கடிச்ச காலோட மரத்துக்கு மரம் ஓடுனவங்க, தோட்டம் வித்துட்டாங்கன்னு ஒரே மாசத்துல லயத்த (தோட்டத்து வரிசை வீடு) காலி பண்ணவங்க. அதெல்லாம் தியாகமா? அவங்கள யாரும் கேக்கல, அவங்க மேல அது சுமத்தப்பட்டுச்சு, அதுக்குப் பேரு அநியாயம். ஆனா பட்ட கஷ்டம் எல்லாமே புனிதம், சிலுவை மாதிரி தூக்கிக்கோன்னு யாராவது சொல்றப்ப எனக்குப் பயமா இருக்கு, ஏன்னா அடிக்கறவனுக்கு அது ரொம்ப வசதியான பேச்சு. ஆண்டவர் என்ன சொன்னாரு? என் உயிர என்கிட்ட இருந்து யாரும் பறிக்கல, நானா தான் குடுக்கறேன்னு யோவான் 10-ல இருக்கு. பிடிபடறதுக்கு முன்னாடி கெத்சமனே தோட்டத்துல ஓடிப் போக முழு ராத்திரியும் நேரம் இருந்துச்சு, போகல. அந்தப் போகாம இருந்தது தான் பலி. படம் எடுக்கறவங்க சதை கிழியறத எவ்ளோ கிட்டத்துல காட்டுனாலும், அந்த முடிவு எடுத்த மனசக் காட்டலன்னா நமக்குப் பரிதாபம் தான் மிஞ்சும். கிப்சன் படத்துலயும் அந்த யோவான் வசனம் வருது, ஆனா ஓடுற ரத்தத்துல அது யாரு காதுலயும் ஏறல.

அதனால தான் கடைசியாப் போட்ட ஆஃப் காட்ஸ் அண்ட் மென் எனக்கு எல்லாத்துலயும் மேல. கூட்டம் கம்மி, ஹால்ல பாதி காலி. ஷாவியே போவ்வா எடுத்த 2010 பிரெஞ்சுப் படம், கான் பட விழாவுல கிராண்ட் ப்ரீ பரிசு வாங்குனது. நிஜமா நடந்த கதை: அல்ஜீரியாவுல திபிரின்ங்கற மலைக் கிராமத்துல டிராப்பிஸ்ட்ங்கற கத்தோலிக்க சபைத் துறவிங்க, சுத்தி எல்லாரும் முஸ்லிம் ஜனம், 1996-ல அந்தத் துறவிங்கள்ல ஏழு பேரக் கடத்திக் கொண்டு போய்க் கொன்னாங்க, 2018 டிசம்பர்ல ஓரான் நகரத்துல புனிதர் பட்டத்துக்கு முந்தின முத்திப்பேறு பட்டம் குடுத்தாங்க. படத்துல பாதி நேரம் என்ன நடக்குது தெரியுமா, தோட்டத்துல வேலை, தேன் எடுக்கறது, லூக்குன்னு ஒரு வயசான டாக்டர் பிரதர் கிராமத்துப் பொம்பளைங்களுக்கு மருந்து குடுக்கறது, செருப்பு இல்லாதவங்களுக்கு செருப்பு பார்த்துக் குடுக்கறது. ஆபத்து வந்துடுச்சு, போறதா இருக்கறதான்னு மேசையச் சுத்தி உக்காந்து ஒவ்வொருத்தரா சொல்றாங்க. சில பேரு போகலாம்னு சொல்றாங்க. வெக்கப்படாம சொல்றாங்க, மத்தவங்களும் அதுக்காக யாரையும் கோழைங்கல. ஒருத்தரு ராத்திரி தன் அறையில தனியா ஆண்டவரக் கூப்பிட்டு அழறாரு, பதில் வரல. கிராமத்து ஜனங்ககிட்ட, நாங்க கிளையில உக்காந்த பறவை மாதிரி, போறதா இருக்கறதான்னு தெரியலன்னு ஒரு துறவி சொல்ல, அந்த முஸ்லிம் அம்மா, பறவை நாங்க, கிளை நீங்க, நீங்க போயிட்டா நாங்க எங்க கால் வைக்கறதுன்னு கேக்கறாங்க. மைக் தம்பிக்கு அந்த இடத்துல குரல் கம்மிடுச்சு.

நம்ம நாட்டுல பக்கத்து வீட்டுல மக்சிக் (மலாய்க்கார அம்மா) இருக்காங்க, ஹரி ராயா பெருநாளுக்கு ரெண்டாங் கறி குடுத்து விடறாங்க, தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் நாம குடுத்து விடறோம். வேதசாட்சிப் படம்னா எதிரி யாருன்னு காட்டணும்னு ஒரு வழக்கம் இருக்கு, இந்தப் படம் அதப் பண்ணல. கொல்றவங்க இருக்காங்க, ஆனா அந்தத் துறவிங்க உயிர விட்டதே அந்த முஸ்லிம் கிராமத்த விட்டுப் போக மனசில்லாம தான். கொலைய காட்டவே இல்ல, பனியில நடந்து போறதோட படம் முடிஞ்சுடுது. வெளிய வந்து யாரும் ரத்தத்தப் பத்திப் பேசல, நீ இருந்திருப்பியா போயிருப்பியான்னு தான் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டாங்க.

அடுத்த வருஷம் போடறவங்களுக்கு: கருணாமயுடு மொதல்ல வரட்டும், பிள்ளைங்க எல்லாரும் பாக்கட்டும். கிப்சன் படம் போட்டா பிள்ளைங்களுக்குப் பக்கத்து அறையில வேற ஏதாவது ஏற்பாடு பண்ணுங்க, யூதங்களப் பத்தி அந்த ரெண்டு நிமிஷப் பேச்சு கட்டாயம் வேணும். துறவிங்க படத்தப் பெரிய வாரத்துக்கு (ஈஸ்டருக்கு முந்தின வாரம்) பக்கத்துல வச்சு, பூசையில நல்லா அறிவிச்சு கூட்டத்த வரவழைங்க. மைக் தம்பிக்கு ஒரு உதவியாள் குடுங்க, ரெண்டரை மணி நேரம் ஒரே ஆள் பேச முடியாது. ஸ்பீக்கர் ஒண்ணு பின் வரிசைக்கு. சைலன்ஸ் 161 நிமிஷம் ஓடுது, சிலுவைப் பாதை முடிஞ்சு ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சா பாதி ராத்திரி ஆயிடும், சனிக்கிழமை காலையில வேலைக்குப் போறவங்க இருக்காங்க, அன்னிக்கு மட்டும் சிலுவைப் பாதைய ஆறு மணிக்கே வச்சுடுங்க.